கூடுவிட்டுக் கூடு பாய்ந்த பாட்டு

பாம்பாட்டிச் சித்தர் எந்த நூற்றாண்டினர் என்பதை அறிஞர்கள் இன்றளவும் ஒருமுகமாக நிர்ணயித்தார்கள் இல்லை. ஆயினும் அவர் இருந்து தவம் புரிந்த இடம் இதுவே என்று கொங்கு நாட்டு ஜனங்கள் கைநீட்டிக் காட்டும் குகை ஒன்று மருதமலையில் உண்டு. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற அந்த மலையில் முருகனைத் தரிசித்துவிட்டு, பக்கவாட்டில் இறங்கிச் செல்லும் படிகளைப் பற்றிக்கொண்டு போனால், பாறையின் மடியில் ஒதுங்கினாற்போல் சித்தருடைய சந்நிதி இருக்கிறது. இரவில் அங்கே பாத்திரத்தில் பால் வைக்கிறார்கள். அந்தப் பாலைக் கொண்டு சித்தரே முருகனுக்கு அபிஷேகம் செய்கிறார் என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை. கோயம்புத்தூரின் கணபதியில், சத்தி ரோட்டின் ஆலைகளுக்கும் வார்ப்படப் பட்டறைகளுக்கும் நடுவே, ஆலைச் சங்கின் ஓசையைக் கொண்டே பொழுதை அறிந்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு, மேற்கே வானத்தோடு ஒட்டிக் கிடக்கும் அந்த மலைவரிசையும் அதில் வாழ்ந்த சித்தரும் குழந்தைப் பருவத்திலேயே அறிமுகமானவர்கள்.

சித்தரைப் பற்றி வழங்கும் கர்ணபரம்பரைக் கதைகளில் இரண்டு முக்கியமானவை. நவரத்தினப் பாம்பைப் பிடிப்பதற்காக மலையேறிய பாம்புப் பிடாரனாகிய அவரைச் சட்டைமுனி என்னும் சித்தர் தடுத்து நிறுத்தி, வெளியே ஊர்ந்து திரியும் பாம்பை விட்டுவிட்டு உனக்குள்ளே சுருண்டு உறங்கும் பாம்பைப் பிடி என்று உபதேசித்தார் என்பது ஒன்று. இறந்துபோன அரசன் ஒருவனுடைய உடம்பில் கூடுவிட்டுக் கூடு பாய்ந்து புகுந்து, பிணம் எழுந்து உட்கார்ந்ததைக் கண்டு திகைத்த ராணிக்குச் சரீரத்தின் அநித்தியத்தைப் போதித்தார் என்பது மற்றொன்று. அவர் உண்மையிலேயே வேறோர் உடம்பில் புகுந்தாரா என்பதை விசாரிக்கும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் அவருடைய பாட்டு அந்தச் சித்தைக் கைவரப் பெற்றது என்பதற்கு, நாம் தொட்டுப் பார்க்கக்கூடிய சரித்திர சாட்சியம் இருக்கிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தருடைய செய்யுட்கள் செய்யுள்தோறும் ஈற்றில் பாம்பை விளித்து, 'ஆடு பாம்பே' என்று முடிபவை. மகுடிக்காரன் தெருவில் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு பாம்போடு பேசுகிற பேச்சின் சந்தமே அந்தப் பாட்டின் சந்தம். பாம்பு என்று அவர் சொல்வது மூலாதாரத்தில் கிடக்கும் குண்டலினி சக்தியை என்பது யோக நூல் கற்றோர் அறிந்த பொருள். ஆனால் அந்தப் பொருளை அறியாத உழவனும் அந்தச் சந்தத்தை ஒரு முறை கேட்டால் மறக்க மாட்டான். ஓயாமல் திரும்பி வரும் விளி, குட்டையான அடிகள், கால் தானே தாளம் போடும் நடை ஆகிய இம்மூன்றும் ஒரு பாட்டில் அமைந்துவிட்டால், அது பிறந்த இடத்திலேயே தங்கியிருப்பதில்லை.

அது முதலில் பாய்ந்த கூடு மலையாளம். 1855-இல் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, இளமையில் தமிழைக் கசடறக் கற்றவர். தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் சில அதிகாரங்களையும் ஒழிவிலொடுக்கம் என்னும் தமிழ் நூலையும் மலையாளத்தில் தந்தவர். அவருக்கு யோகம் பயிற்றிய தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர்; திருவனந்தபுரத்து ரெசிடென்சியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சீடர்களை உருவாக்கிய மகான். குரு தனித்திருந்து தவம் செய்ததும் தமிழ் வழங்கும் நாஞ்சில் நாட்டில், மருத்துவாழ்மலையின் குகை ஒன்றில்தான். 1888-இல் அருவிப்புறத்தில் ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்து, தாழ்த்தப்பட்டோருக்குக் கோயிற்கதவைத் திறந்துவிட்ட அந்தப் பெருமகனார் இயற்றிய சிறு பாடல்களுள் ஒன்று குண்டலினிப் பாட்டு. அதுவும் பாம்பை விளித்து ஆடச் சொல்கிறது. அதே விளி, அதே உட்பொருள், ஏறத்தாழ அதே துள்ளல். சொற்களும் பெரும்பாலும் தமிழன் காதுக்கு அந்நியமில்லாதவை. சித்தர் பாடல்களில் ஊறிய ஒரு மனம், அந்தச் சந்தத்தைத் தன் மொழியில் மீண்டும் பிறப்பித்தது என்றே நான் கொள்கிறேன். ஆனால் சித்தருடைய குரலில் உள்ள சவாலும் உறுமலும் குருவின் பாட்டில் இல்லை. அங்கே கருணையும் ஆனந்தமும் தலையெடுத்து நிற்கின்றன. இன்று கேரளத்தில் அதைக் குழந்தைகள் மனனம் செய்கிறார்கள், மோகினியாட்டமாகவும் ஆடுகிறார்கள்.

பிறர் பாட்டை எடுத்து ஆளும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. முத்துசுவாமி தீக்ஷிதர், ஆங்கிலேயரின் பட்டாளத்து பாண்டு வாசித்த மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் அமைத்து, ஏறக்குறைய நாற்பது நோட்டுஸ்வரங்களை நமக்கு அளித்தார். ஆங்கில மன்னருக்கு வாழ்த்துக் கூறும் மெட்டு, அவருடைய கையில் 'ஸந்ததம் பாஹிமாம்' என்று தேவியைத் துதிக்கும் கீர்த்தனமாக மாறிற்று. அந்நிய உடம்பில் நம் உயிரைப் புகுத்திய செயல் அது.

எங்கள் கோயம்புத்தூரும் இவ்வகையில் ஒரு பெரிய பட்டறையாக விளங்கிய காலம் உண்டு. 1930-களின் நடுவில் திருச்சி ரோட்டில் எழுந்த சென்ட்ரல் ஸ்டூடியோவிலும், 1945-இல் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஸ்தாபித்த பக்ஷிராஜா ஸ்டூடியோவிலும் படமான கதைகளும் பாட்டுக்களும் எத்தனையோ வடிவங்களை எடுத்தன. நாமக்கல் கவிஞரின் நாவலைத் தழுவி 1954-இல் வந்த 'மலைக்கள்ளன்' தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், ஹிந்தி, சிங்களம் ஆகிய ஆறு மொழிகளிலும் வெளிவந்தது. ஹிந்தியில் திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்த 'ஆஸாத்' அதுதான். தமிழுக்கு எஸ். எம். சுப்பையா நாயுடு அமைத்த சங்கீதம் வேறு, ஹிந்திக்கு சி. ராமசந்திரா அமைத்தது வேறு. கதை ஒன்றாயிருக்க, சங்கீதம் ஊருக்கு ஏற்றபடி உருமாறிற்று.

இந்தப் பட்டறையில் நடந்த மற்றொரு சம்பவம் என் விஷயத்துக்கு மேலும் நெருங்கியது. டி. எம். சௌந்தரராஜன் முதன்முதலாகத் திரையில் பாடியது 1950-இல் வந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில். இசை அமைத்தவர் சுப்பையா நாயுடு. அப்பொழுது அவர் குரல் எம். கே. தியாகராஜ பாகவதரின் சாயலிலேயே ஒலித்தது. பாகவதரைப் போலவே பாடுகிறார் என்பதுதான் அன்று அவருக்குக் கிடைத்த பாராட்டு. நான்கு ஆண்டுகளுக்குப் பின், அதே சுப்பையா நாயுடுவின் இசையில், மலைக்கள்ளனில் எம். ஜி. ஆருக்காக அவர் பாடியபோதோ, பாகவதரின் நிழல் விலகி, சௌந்தரராஜன் என்ற மனிதர் தம் சொந்தச் சரீரத்தோடு நின்றார். பிறரைப் போலப் பாடுவது ஒரு படி. அதில் பழகியவன் அதைவிட்டு இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இறங்கத் தெரியாமல் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது எங்கள் மெல்லிசை மேடை. மாரியம்மன் நோன்பு சாட்டினால், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இரவில், கோயிலுக்கு எதிரே லாரிகளைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பந்தல் போட்டு, மெல்லிசைக் கச்சேரி நடத்துவது கணபதியிலும் சுற்றுப்புறங்களிலும் நெடுங்கால வழக்கம். முதல் பாட்டு பெரும்பாலும் 'மருதமலை மாமணியே'. 1972-இல் சாண்டோ சின்னப்பா தேவரின் 'தெய்வம்' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, குன்னக்குடி வைத்தியநாதன் இசை அமைத்து, கச்சேரி வித்வானாகிய மதுரை சோமு பாடிய அந்தப் பாட்டை எங்கள் பக்கத்தில் பாடாத மேடை கிடையாது. பாடகர் வாயைத் திறந்ததும் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். முடிந்ததும் 'அச்சு அசல் அப்படியே இருக்குதுங்க' என்பதே உச்ச ஸ்தாயியில் வரும் பாராட்டு. சோமு எந்த இடத்தில் மூச்சு வாங்கினாரோ அந்த இடத்தில் இவரும் மூச்சு வாங்க வேண்டும். குன்னக்குடியின் வயலின் எங்கே குழைந்ததோ அங்கே கீபோர்டு வாசிப்பவரின் விரலும் குழைய வேண்டும். இதற்கு வேண்டிய அப்பியாசம் சாமான்யமானதன்று. பகலில் லேத்துப் பட்டறையில் நின்றுவிட்டு இரவில் இதைச் சாதித்த கலைஞர்களை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். ஆனால் மூலத்திலிருந்து ஓர் இம்மியேனும் விலகினால் தவறு என்னும் தர்மம், பாட்டை மம்மியாக்கிப் பாதுகாக்கிற தர்மமேயன்றி அதற்குப் புது ஜன்மம் கொடுக்கிற தர்மம் ஆகாது.

இவ்விடத்தில் பாம்பைப் பற்றிய ஒரு சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். மலைக்கள்ளன் வந்த அதே 1954-இல் பம்பாயில் 'நாகின்' வெளியாயிற்று. ஹேமந்த் குமார் இசை அமைத்த அப்படத்தில் இந்தியா முழுவதும் மயங்கிக் கேட்ட மகுடி உண்மையில் மகுடியன்று. கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் என்னும் மின்சாரக் கருவியும், ரவி வாசித்த ஆர்மோனியமும் சேர்ந்து எழுப்பிய நாதம் அது. பாம்புப் பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு ராக் இசைக்காரர்கள் வருவதற்கு வெகு முன்பே ஏற்பட்டுவிட்டது.

தென்னாட்டு ராக் குழுக்களும் ஆதியில் எங்கள் மெல்லிசைக்காரர்களின் தர்மத்தையே அநுஷ்டித்தன. அவர்களுடைய 'அசல்' லண்டனிலும் அமெரிக்காவிலும் இருந்தது என்பதுதான் வித்தியாசம். கொச்சியின் 13 ஏடி என்ற குழு மேல்நாட்டுப் பாட்டுக்களைப் பிசகில்லாமல் வாசிப்பதில் பெயர் பெற்றது. பின்னர்ச் சொந்தப் பாட்டுக்களை இயற்றியபோதும் ஆங்கிலத்திலேயே இயற்றிற்று. கிதாரைக் கையில் எடுத்தவன் தாய்மொழியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. கல்லூரி விழாக்களில் ஆங்கிலப் பாட்டுக்கே மதிப்பு. ரெக்கார்டு கம்பெனிகளும் தாய்மொழி என்றால் சினிமாவைத்தான் நினைத்தன.

இந்தச் சட்டத்தை உடைத்தவர்கள் 2003-இல் திருவனந்தபுரத்தில் ஒன்றுகூடிய 'அவியல்' குழுவினர். டோனி ஜான், ரெக்ஸ் விஜயன், மிதுன் புத்தன்வீட்டில், பின்னி ஐசக் முதலியோர் அதன் தூண்கள். ஆனந்தராஜ் பெஞ்சமின் பால் தொடக்ககாலப் பாடகர். 'நட நட' என்ற பாட்டின் படப்பிடிப்பு தொலைக்காட்சியில் வந்தபோது, வேட்டி கட்டிய இளைஞர்கள் மின் கிதாரோடு மலையாளத்தில் முழங்குவதைக் கண்டு பார்த்தவர்கள் வியந்தார்கள். 2008-இல் அவர்களுடைய முதல் ஆல்பம் எட்டுப் பாட்டுக்களோடு வெளிவந்தது. நாட்டுப்பாடலின் சாயலும் கிராமத்துச் சொல்வளமும் அதில் நிறைந்திருந்தன. அந்த எட்டில் ஒன்றின் பெயர் 'ஆடு பாம்பே'. நாராயண குருவின் குண்டலினிப் பாட்டுத்தான் அது.

குருவின் பாட்டைப் பாராயணமாகக் கேட்டவர் இதையும் கேட்டால், என்ன மாற்றினார்கள் என்பது விளங்கும். சொல்லில் கை வைக்கவில்லை, விளியை விட்டுவிடவில்லை. ஆனால் பாராயணத்தில் பக்தியின் பின்னால் ஒதுங்கி நின்ற சந்தத்தை முன்னால் இழுத்துவந்து, பேஸ் கிதாரையும் டிரம்ஸையும் அதன் முதுகெலும்பாக வைத்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் விளி, ராக் இசையின் உயிர்நாடியாகிய ரிஃப் என்னும் ஆவர்த்தனத்தோடு பொருந்திக்கொள்கிறது. கிதாரின் ஸ்வரக் கூட்டம் ஒன்றே மீண்டும் மீண்டும் சுற்றி வர, அதன்மேல் குரல் ஏறிக்கொண்டே போகிறது. கீழே சுருண்டு கிடந்தது மேலே ஏறவேண்டும் என்பதல்லவா யோகத்தின் ஸூத்திரம்? அதை அந்த இளைஞர்கள் வாத்தியத்தில் செய்து காட்டிவிட்டார்கள். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: குரு தணித்து வைத்த சவாலும் உறுமலும் இங்கே மீண்டும் தலை தூக்குகின்றன. மருதமலைச் சித்தரை அவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கூரிய ஒலிபெருக்கியில் அந்த விளி வெடிக்கும்போது, என் காதில் விழுவது மகுடிக்காரச் சித்தரின் குரல்.

பிறர் பாட்டைப் புதுக்கும் இந்த முயற்சி உலகின் பல பாகங்களிலும் நடந்திருக்கிறது. ஆனால் எல்லோருடைய நோக்கமும் ஒன்றன்று. அமெரிக்காவில், முகத்தைக் கண்விழி வடிவான முகமூடிக்குள் மறைத்துக்கொண்டு மேடையேறிய 'ரெசிடென்ட்ஸ்' குழுவினர், 1976-இல் முந்திய பத்தாண்டின் பிரபலமான பாட்டுக்களை அடையாளம் தெரியாதபடி சிதைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஸ்லோவேனியாவின் 'லைபாக்' குழு, 1988-இல் பீட்டில்ஸ் குழுவினரின் கடைசி இசைத்தட்டு முழுவதையும், அதன் பெயர் தாங்கிய பாட்டை மட்டும் விட்டுவிட்டு, ராணுவ அணிவகுப்பின் கம்பீரத்தோடு மீண்டும் பாடிற்று; அன்பைப் பாடிய மெட்டுக்குள் அதிகாரத்தின் தொனி எவ்வளவு எளிதாக நுழையக்கூடும் என்பதைக் காட்டுவது அவர்கள் குறிக்கோள். இவை பாட்டைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் முறைகள். அவற்றின் கூர்மையை நான் மதிக்கிறேன், ஆனால் மனம் அவற்றோடு ஒட்டுவதில்லை. 1969-இல் இங்கிலாந்தின் 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' குழு தன் நாட்டுப் பழங்கதைப் பாடல்களை மின் கிதாரில் ஏற்றியதுதான் அவியலுக்கு உண்மையான தாயாதி. நம் நாட்டிலேயே, டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' குழு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் அராமிக் மொழித் துதிப்பாடலை எடுத்து 2000-இல் 'கந்தீஸா' என்று வெளியிட்டது. பெங்களூரின் 'அகம்' குழு தியாகராஜர் முதலானோரின் கீர்த்தனங்களை கிதாரோடும் வயலினோடும் பாடி வருகிறது. இவர்களிடத்தில் பரிகாசம் இல்லை; எடுத்துக்கொண்ட பாட்டுக்குத் தாங்கள் கடன்பட்டவர்கள் என்ற உணர்ச்சி இருக்கிறது.

இதை ஏற்காதவர்கள் உண்டு. மந்திரம் போன்ற பாட்டை மின்சாரச் சத்தத்தில் போட்டுக் குழப்புவது அபசாரம் என்று கேரளத்துப் பெரியவர்களும், கீர்த்தனத்தைக் கிதாரில் வாசித்தால் கமகம் கெடும் என்று நம்மூர் சங்கீத ரஸிகர்களும் சொல்வார்கள். இரண்டாவது ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. கிதாரில் ஸ்வரத்தை வளைக்கும் வித்தை அறியாதவர் பைரவியைத் தொடாமல் இருப்பதே நலம். முதல் ஆட்சேபத்தை மட்டும் நான் ஒப்பமாட்டேன். சித்தர் பாட்டு எந்தக் காலத்திலும் கர்ப்பக்கிருகத்துக்குள் இருந்ததில்லை. சந்தையிலும் சாவடியிலும், பரதேசியின் வாயிலும் அது வாழ்ந்தது. ஏட்டுக்குப் பின்னர் மலிவுப் பதிப்பாகக் கோயில் வாசற்கடையில் தொங்கியது. அவ்வளவு சத்தத்துக்கு நடுவே பிழைத்த பாட்டு டிரம்ஸ் சத்தத்துக்கு அஞ்சுமா? நாராயண குருவும் பூட்டி வைப்பதற்காக எதையும் இயற்றியவர் அல்லர்.

அவியல் குழு 2011-இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' என்ற மலையாளப் படத்தின் வாயிலாக 'ஆனக்கள்ளன்' என்ற பாட்டைத் தந்து, சினிமா ரஸிகர்களிடமும் பெயர் பெற்றது. அதற்கடுத்த ஆண்டுகளில் கேரளத்துத் தொலைக்காட்சியில் இளங்குழுக்கள் பழைய பாட்டுக்களைப் புதுக்கிப் பாடுவதற்கென்றே நிகழ்ச்சிகள் தோன்றின. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, கணவாய்க்கு இப்பால் இருக்கும் நம்முடைய கொங்கு நாட்டில் மூலதனம் குறைவாக இருக்கிறதா என்றால், இல்லவே இல்லை. உடுக்கை அடித்து விடிய விடியப் பாடும் அண்ணன்மார் கதை இருக்கிறது. அதைக் கனடா தேசத்து மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கிப் பல இரவுகள் ஒலிப்பதிவு செய்தார். சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992-இல் அதைத் தமிழும் ஆங்கிலமுமாக அச்சிட்டது. பின்னர் அவரே அதைச் சித்திரப்படத் தொடராகவும் ஆக்கினார். மாரியம்மன் நோன்பில் கம்பத்தைச் சுற்றி ஆடும் ஆட்டத்துக்கு அடிக்கும் துடும்பும் ஜமாப்பும் இருக்கின்றன; நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் அந்த அடிக்கு முன்னால் எந்த டிரம்ஸும் இளைத்ததே. கணபதியிலும் பீளமேட்டிலும் கல்லூரி மாணவர்கள் கையில் கிதார் இருக்கிறது. அவர்களில் ஒரு குழுவினர், மேடையேறுவதற்கு முன்னால் ஒரு மாசி மாதம் முழுவதும் உடுக்கைப் பாட்டுக்காரர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே இழுக்கிறார், எங்கே வெட்டுகிறார், அக்கதையின் நாயகர்களான பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழும் கட்டத்தில் உடுக்கையின் கயிற்றை எப்படி இறுக்குகிறார் என்பதைக் கற்றுக்கொண்டு வந்து வாசிப்பார்களானால், எங்கள் மாரியம்மன் கோயில் பந்தலில் முதல் பாட்டு அவர்களுடையதாக இருக்கட்டும். நோன்புக் கமிட்டியாரிடம் நானே போய்ப் பேசுகிறேன்.